ப்ரோப் முனையில் டேப் சுற்றினால் போதாதா?

கேள்வி: அண்ணா, லண்டனில் எலக்ட்ரீஷியன் கோர்ஸில் சேர்ந்திருக்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுவந்தேன், நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அதன் ப்ரோப் வயரை, அதாவது தொட்டு அளக்கும் முனையுள்ள வயரைப் பார்த்ததுமே "ஜிஎஸ் 38-க்கு ஒத்துவராது" என்று வாத்தியார் ஒதுக்கிவிட்டார். முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா, புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்கத்தான் வேண்டும் தம்பி. டேப் பசை சூட்டில் இளகும், வேலை நடுவில் நழுவும், அதை நம்பி போர்டுக்குள் கை விடாதீர்கள். ஜிஎஸ் 38 என்பது பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ வெளியிட்ட வழிகாட்டி, அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, 2 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. மலிவு மீட்டரோடு வரும் ஊசி இதைவிடப் பல மடங்கு நீளம். போர்டுக்குள் பேஸும் எர்த்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது அந்த ஊசி ஒரு பக்கம் வழுக்கி இரண்டையும் தொட்டுவிட்டால் நேரடி ஷார்ட், உருகிய செம்பு தெறிக்கும், நீங்களோ முகத்தை அதற்கு எதிரிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

புது வயர் எடுக்கும்போது விரல் வழுக்காமல் தடுக்கும் வளையம், மீட்டரில் சொருகும் பக்கத்தில் உலோகம் தெரியாத பிளக், கேட் 3 அல்லது கேட் 4 என்ற அச்சு (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை எவ்வளவு தாங்கும் என்ற தரம், எண் கூடினால் தாங்கும் திறனும் கூடும்), ப்ரோப்புக்குள் ஃபியூஸ், இவ்வளவும் இருக்கிறதா பாருங்கள். சில ப்ரோப்பில் முனையை மறைக்கும் மூடி கழற்றும்படி இருக்கும். மூடியைக் கழற்றினால் அது பெரும்பாலும் கேட் 2 ஆகிவிடும், போர்டுக்கு ஆகாது. 13 ஆம்பியர் சாக்கெட்டுக்குள் குட்டை முனை எட்டாதே என்று மூடியைக் கழற்றுகிறவர்கள் உண்டு, அதற்கென்று அடாப்டர் விற்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் வைத்த ப்ரோப்பில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஃபியூஸ் போயிருந்தால் உயிருள்ள லைனிலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். அதனால் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்யும் முன்பும் அப்புறமும் ப்ரூவிங் யூனிட்டில் (மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வோல்டேஜ் தரும் சின்னக் கருவி) தொட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு தடவையும்.

இன்னொன்று, அந்த உறுதிசெய்யும் வேலைக்கு மல்டிமீட்டரே வேண்டாம் என்பேன். டயல் தப்பான இடத்தில் இருக்கலாம், வயர் 10 ஆம்பியர் ஓட்டையிலேயே கிடக்கலாம், மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸே கிடையாது. டயல் எதுவும் இல்லாமல் இரண்டு ப்ரோப் மட்டும் உள்ள வோல்டேஜ் டெஸ்டர் கிடைக்கிறது. கையில் காசு குறைவென்றால் முதலில் அதையும் ப்ரூவிங் யூனிட்டையும் வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், பேட்டரி பார்க்க அது போதும்.