ஏ.எல். முடித்துவிட்டேன். கஷ்டமான ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு எப்படிப் படிப்பது?

ஏ.எல். எழுதிவிட்டு அக்கரைப்பற்றில் வீட்டில் இருப்பதாகவும், கம்பஸ் தொடங்குமுன் தினமும் சொல்லும் பொருளுமாகக் கொப்பியில் எழுதிப் பாடமாக்குவதாகவும், ஒரு கிழமையில் மறந்துபோவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நினைவாற்றலைக் குறைசொல்லாதீர்கள் தங்கச்சி, எந்தச் சொற்களை எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்.

'கரூலஸ்', 'லொக்குவேஷஸ்' இரண்டும் ஓயாமல் பேசுகிறவரைக் குறிப்பவை. கம்பஸ் பாடக்குறிப்பில் இவற்றைக் காண்பது அரிது. 'அசியூம்', 'டிரைவ்' (derive), 'இன்டிகேட்', 'சிக்னிபிகன்ட்' போன்றவைதான் பக்கத்துக்குப் பக்கம் வரும். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்பவர் சுமார் 35 இலட்சம் சொற்கள் அளவிலான கல்விசார் நூல்களையும் கட்டுரைகளையும் அலசி, 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்தெடுத்தார். 2000இல் வெளியான அந்த 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்' கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 வீதத்தை அடக்கிவிடுகிறது. அடிக்கடி வருகிற 60 குடும்பங்கள் முதல் பகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பொருளை மட்டும் எழுதுவதை விட்டுவிடுங்கள். 'கன்சிஸ்ட்' என்பதற்கு 'கொண்டிருத்தல்' என்று எழுதிவைத்த பிள்ளைதான் பரீட்சையில் 'இஸ் கன்சிஸ்டட் ஒஃப்' என்று எழுதுகிறது. அந்தச் சொல் 'ஒஃப்' உடன் சேர்ந்து வரும், செயப்பாட்டு வினையாக வராது. சொல்லை அதன் துணைச்சொல்லோடும் ஒரு முழு வசனத்தோடும் எழுதினால் இந்தச் சிக்கல் வராது. குடும்பத்தையும் சேர்த்துப் படியுங்கள்: 'அனலைஸ்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், 'அனலிசிஸ்' என்பதில் இரண்டாவதில், 'அனலிட்டிக்கல்' என்பதில் மூன்றாவதில். அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளில் பலருக்குச் சொல் தெரியும், உச்சரிப்பில்தான் பயம்.

வசனங்களை உங்களுக்குத் தெரிந்த விடயத்தில் அமையுங்கள். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் உங்கள் மாவட்டத்துக் கதை. 'எஸ்டாப்ளிஷ்', 'டிஸ்ரிபியூட்', 'பெனிபிட்', 'வேரி' (vary) நான்கையும் வைத்து அதைப் பற்றி நாலு வரி எழுதிப் பாருங்கள். சேனாநாயக்க சமுத்திரம் என்ற அதன் நீர்த்தேக்கமும் வாய்க்கால் தண்ணீரும் போகத்துக்குப் போகம் மாறும் விளைச்சலும் தாமாகவே அந்த வரிகளுக்குள் வந்துவிடும்.

மறதி எல்லோருக்கும் உண்டு. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து எழுதினார். எனவே மறுநாள், அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்கள். பொருளைக் கையால் மூடிக்கொண்டு நீங்களே சொல்லிப் பார்த்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். சும்மா வாசித்துக்கொண்டு போனால் தெரிந்த மாதிரி இருக்கும், தேவைப்படும்போது வராது.

துறைசார்ந்த சொற்களை இப்போதே தேடி அலைய வேண்டாம், அவை பாடத்தோடு வரும். நான் சொன்ன 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்' விக்டோரியா பல்கலைக்கழக இணையத்தளத்திலேயே இலவசமாக இருக்கிறது.