உலக வர்த்தகத் தரவுத்தளத்துக்கு நம் நாட்டுக் கணக்கைத் தனி ஆள் கொடுக்க முடியுமா?

கேள்வி: உலக வர்த்தகத் தரவுத்தளங்களில் இந்தியாவின் பொருளாதாரக் கணக்கை யார் சேர்க்கிறார்கள்? பொருளாதாரம் படித்த தனி ஆள் அதில் பங்களிக்க முடியுமா?

முடியும். ஆனால் எந்தத் தரவுத்தளம் என்பதைப் பொறுத்தது.

ஐ.நா.வின் காம்ட்ரேட் என்றால் உங்களுக்கும் எனக்கும் அங்கே வேலை இல்லை. அது அரசாங்கங்கள் கொடுக்கும் சுங்கக் கணக்கு. தூத்துக்குடியில் ஏற்றுமதியாளர் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லின் விவரம் கொல்கத்தாவில் இருக்கும் வணிகப் புலனாய்வு மற்றும் புள்ளிவிவரத் தலைமை இயக்ககத்துக்குப் போய், தொகுத்த பிறகுதான் வெளியே வரும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பக்கத்துப் புழுங்கலரிசிக்கும் வடக்கே விளையும் பாசுமதிக்கும் இந்தியச் சுங்கத்தின் எட்டு இலக்கக் குறியீட்டில் தனித்தனி எண். உலகத்துக்குப் பொதுவான ஆறு இலக்கத்துக்கு வந்துவிட்டால் இரண்டும் 100630தான். பிரியாணி அரிசியும் பழையசோற்று அரிசியும் அங்கே ஒரே பானை.

நீங்கள் தேடுவது அநேகமாக ஜிடேப் (GTAP), அதாவது உலக வர்த்தகப் பகுப்பாய்வுத் திட்டத்தின் தரவுத்தளம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்டெல் 1992இல் தொடங்கியது. ஒரு நாடு இறக்குமதி வரியை ஏற்றினால் இன்னொரு நாட்டில் என்ன ஆகும் என்று கணிக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். இதன் அடித்தளம் ஒவ்வொரு நாட்டின் உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை, அதாவது எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எத்தனை ரூபாய்க்கு வாங்கியது என்ற கட்டம் கட்டமான கணக்கு. அந்த அட்டவணையை அந்தந்த நாட்டை அறிந்த ஆய்வாளர்கள் தயாரித்து அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் தரவுத்தளம் இலவசம். 11ஆம் பதிப்பில் 141 நாடுகள், 65 துறைகள். உங்கள் அட்டவணை சில வருடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. வர்த்தகத்துக்கும் மொத்த உற்பத்திக்கும் புதிய தொகைகளை வைத்து பர்டூவில் உள்ள ஜிடேப் மையமே அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். உள்நாட்டுப் பொருளும் இறக்குமதிப் பொருளும் பிரிந்திருக்க வேண்டும், வரி தனியாகத் தெரிய வேண்டும், எப்படிச் செய்தீர்கள் என்று விளக்கக் குறிப்பும் எழுதித் தர வேண்டும்.

நான் அனுப்பியதில்லை. ஆய்வு உதவியாளராக இருந்தபோது, பயிற்சிக்காக இந்திய அட்டவணையை அந்த 65 துறைக்கு மாற்றிப் பார்த்தோம், அவ்வளவுதான். அரசு வெளியிடும் வழங்கல்-பயன்பாட்டு அட்டவணையில் (எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு) 140 பொருள்கள். 140ஐ 65ஆக்குவது வெறும் கூட்டல் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் வரிசையிலேயே மாட்டிக்கொண்டேன். முதல் வரிசை நெல்.

ஜிடேப்பில் நெல் ஒரு துறை, ஆலையில் அரைத்த அரிசி இன்னொரு துறை. நம் அட்டவணையில் நெல்லுக்குத் தனி இடம் உண்டு. அரிசிக்கு இல்லை. அது மாவு, ஸ்டார்ச் எல்லாவற்றோடும் சேர்ந்து ஆலைத் தானியப் பொருட்கள் என்ற தலைப்புக்குள் கிடக்கிறது.

அந்தப் பொங்கலுக்கு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அப்பா ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. வருடா வருடம் பசலிக் கணக்கு முடித்தவர். விளைச்சலை அளக்கும் அறுவடைப் பரிசோதனைக்கு ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுக்கும்போது கூடவே நின்றவர். திரையில் நெல் வரிசையில் விரல் வைத்துக்கொண்டே போனவர் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, நெல்லு, குடும்ப நுகர்வுன்னு தொகை போட்டிருக்கே. மனுசன் நெல்லையா திம்பான்?"

சிரித்தோம். ஆனால் அது எங்கள் வீட்டுக் கதைதான். சம்பா அறுப்பு முடிந்ததும் வருடச் சாப்பாட்டுக்கான நெல் பத்தாயத்துக்குப் போய்விடும். அப்பாயி அதை அண்டா அண்டாவாக அவித்து, களத்தில் காயவைத்து, மூட்டையாக ரைஸ்மில்லுக்கு அனுப்புவாள். மில்காரர் அரவைக் கூலி மட்டும் வாங்குவார். தவிடு மாட்டுக்கு வீடு திரும்பும். இங்கே ஆலை நெல்லை வாங்கவும் இல்லை, அரிசியை விற்கவும் இல்லை. புள்ளிவிவரத்தின் கண்ணுக்கு நாங்கள் நெல் தின்றவர்கள்.

ஜிடேப் கணக்குக்கு இதை உடைக்க வேண்டும். அந்தத் தொகையை நெல்லிலிருந்து எடுத்து ஆலையின் உள்ளீட்டில் வைக்கணும். ஆலையின் உற்பத்தியை அந்த அளவுக்கு ஏற்றணும். அப்புறம் குடும்பத்தை அரிசி வாங்க வைக்கணும். நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி என்பது அரசு அரவையின் கணக்கு (பச்சரிசி என்றால் 67). ஆனால் அட்டவணை ரூபாயில் இருப்பதால் கிலோக்கணக்கு பாதி வழிக்குத்தான் உதவும். தவிட்டில் ஒரு பகுதி எண்ணெய் ஆலைக்குப் போகிறது, உமி பாய்லருக்கு. விதைநெல் நெல்லிலிருந்து நெல்லுக்கே திரும்ப வேண்டும். இப்போது மெஷின் அறுப்புக்குப் பின்னால் உருளை கட்டி விற்கும் வைக்கோல் வேறு, அது பால் துறையின் செலவு. இந்த ஒரு வரிசைக்கே எனக்கு மூன்று வாரம் ஆனது. சிமெண்ட், இரும்பு எல்லாம் ஒரே மதியத்தில் முடிந்தன.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, பலரும் எடுப்பார்கள். வரிசைக் கூட்டலும் பத்திக் கூட்டலும் ஒட்டவில்லை என்றால் ராஸ் என்ற முறையை ஓடவிட்டால் கம்ப்யூட்டரே எல்லாக் கட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்துவிடும். கடைசிச் சில்லறைப் பிசகுக்கு அது சரி. நெல்லில் விட்ட தப்பை அதனிடம் கொடுத்தால் அது எடுத்துப்போய் டயரிலும் சோப்பிலும் பூசிவிடும். கூட்டல் மட்டும் அழகாக நிற்கும்.

தொடங்க நினைத்தால் 140 பொருள் பட்டியலையும் 65 துறைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் ஊரில் விளையும் பொருளின் வரிசையை முதலில் எடுங்கள். எந்தக் கட்டம் பொய் சொல்கிறது என்று உங்களுக்குச் சட்டென்று தெரியும்.

திருத்தி முடித்த அட்டவணையை அடுத்த முறை அப்பாவிடம் காட்டினேன். வீட்டு நுகர்வு, அரசு நுகர்வு, முதலீடு, ஏற்றுமதி என்று ஒவ்வொரு பத்தியாகப் பார்த்தார்.

"சரி, குடோன்ல அடுக்கியிருக்கற மூட்டையெல்லாம் எங்கே?"

இருப்பு மாற்றத்துக்கு அந்தத் தரவுத்தளத்தில் தனிப் பத்தி கிடையாது, நாம் கொடுத்தாலும் மையத்தில் நீக்கிவிடுவார்கள் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "ஆடிட்டுல மாட்டுவாங்க."