ஒளி பிறக்கும் வழிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மேலூர்): ஐயா, அகல்விளக்கின் சுடர் அடியில் நீலமாகவும் மேலே மஞ்சளாகவும் இருப்பது ஏன்?

பதில்: அந்தச் சுடரில் இருவகை ஒளி இருக்கிறது. காற்று நன்றாகக் கிடைக்கும் அடிப்பகுதியில், எண்ணெய் ஆவி எரியும்போது தோன்றும் மூலக்கூறுத் துண்டுகள் வேதிவினையின் ஆற்றலை நேராக நீல ஒளியாக்கி விடுகின்றன. மேலே ஆக்சிஜன் போதாமல் எஞ்சும் கரித்துகள்கள் சூடேறி மஞ்சளாக ஒளிர்கின்றன. கண்மைக்காகச் சுடரின்மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துச் சேகரிப்பது இந்தத் துகள்களைத்தான்.

கேள்வி (உசிலம்பட்டி): சாமி ஊர்வலத்தில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸும் மண்ணெண்ணெயில்தானே எரிந்தது? அரிக்கேன் விளக்குக்கு இல்லாத வெளிச்சம் அதற்கு எப்படி வந்தது?

பதில்: வெளிச்சம் தந்தது சுடரன்று, அதைச் சூழ்ந்திருக்கும் மேண்டில் என்னும் வலைத்துணி. பம்பு அடித்து அழுத்தம் ஏற்றியதும் மண்ணெண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலந்து, வெளிச்சம் குறைந்த, ஆனால் மிகுந்த சூடுள்ள நீலச் சுடராக எரிகிறது. தோரியம், சீரியம் உப்புகளில் தோய்த்த மேண்டில் துணி முதல்முறை எரிந்ததும் நூல் அழிந்துவிட, தொட்டாலே உதிரும் சாம்பல் வலை மட்டும் மிஞ்சும். அதில் ஏறத்தாழ 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு. அதுமட்டும் இருந்தால் ஒளி மங்கலாகவே இருக்கும். மீதி ஒரு சதவீத சீரியம் ஆக்சைடுதான் அந்தப் பளீர் வெளிச்சத்துக்குக் காரணம். இந்த வலை அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளியிடுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு கூடுகிறது. ஆஸ்திரியாவின் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் 1891-இல் கண்ட இந்தக் கலவையை நான் வேதியியலின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாகவே மதிக்கிறேன். தோரியம் கதிரியக்கம் உடையது. எனவே பழைய மேண்டில் தூளை மூச்சில் இழுத்துவிடக் கூடாது.

கேள்வி (திருமங்கலம்): சிவகாசி மத்தாப்பில் சாயம் சேர்க்கிறார்களா?

பதில்: இல்லை, உலோக உப்புகளைச் சேர்க்கிறார்கள். சூட்டில் மேல்நிலைக்கு ஏறிய எலக்ட்ரான்கள் கீழிறங்கும்போது ஸ்ட்ரான்சியம் சிவப்பையும் பேரியம் பச்சையையும் சோடியம் மஞ்சளையும் தருகின்றன. நீலத்துக்கு உதவும் செம்புச் சேர்மம் சூடு மிகுந்தால் சிதைந்துவிடுவதால், நல்ல நீலம் கிடைப்பது அரிது.

கேள்வி (அழகர்கோவில்): மின்மினி சுடுவதில்லை. எல்.இ.டி. விளக்கின் அடிப்பகுதி மட்டும் ஏன் சுடுகிறது?

பதில்: மின்மினியின் உடலில் லூசிஃபெரின் என்னும் பொருள் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது ஒளி பிறக்கிறது, வெப்பம் மிகக் குறைவு. எல்.இ.டி.யிலும் ஒளி பிறக்கச் சூடு தேவையில்லை. குறைகடத்திச் சில்லில் எலக்ட்ரான்கள், 'துளைகள்' எனப்படும் எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களோடு சேரும்போது நீல ஒளி எழுகிறது, அதில் ஒரு பகுதியை மேற்பூச்சு மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. ஆயினும் மின்சாரத்தின் ஒரு பங்கு சில்லிலும் அதை இயக்கும் சுற்றிலும் வெப்பமாகி அடிப்பகுதியில் தேங்குகிறது. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிய எல்.இ.டி. விரைவில் பழுதாவது அதனால்தான்.