கட்டைவிரல் சொல்பேச்சு கேட்கவில்லையா?

கேள்வி: வீடியோ பார்த்து கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைல் ப்ளூஸ் (விரல்களாலேயே மீட்டும் ப்ளூஸ் இசை) பழகுகிறேன். மற்ற விரல்கள் மெட்டை எடுத்ததும் கட்டைவிரல் தாளம் தப்புகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எல்லோருக்கும் வருகிற தொல்லைதான். மெட்டைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இ கார்டைப் (E என்ற சுரக்கூட்டு) பிடித்து, கட்டைவிரலால் ஆறாவது தந்தியை, அதாவது தடிமனான தந்தியை மட்டும் ஒரே சீராக மீட்டுங்கள். டெக்சாஸ் ப்ளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸ் பாணி இது. உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் தந்திகள் வந்து முடியும் கட்டை) பக்கம் தந்தியில் லேசாகப் படட்டும், 'டும் டும்' என்று அடங்கி ஒலிக்கும். டிவி பார்த்துக்கொண்டே வாசிக்க முடிகிறதா? சரி, இப்போது முதல் தந்தியில் ஒரே ஒரு சுரம், கட்டைவிரலோடு சேர்த்து. அப்புறம் இரண்டு அடிக்கு நடுவே. இன்னொரு ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் போல கட்டைவிரலால் தந்தி மாற்றி மாற்றி அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருடைய 1928 பதிவுகளில் இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும்! வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஆசிரியரின் வலது கையையே கவனியுங்கள். தினம் ஒரு புது வீடியோ தேட வேண்டாம்.