பேச முடியாதவர் மூளை அலையை வைத்துத் தமிழில் எழுத்துக்கூட்ட முடியுமா?

கேட்டவர் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, கை கால் அசையவில்லை, நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறதாம். தலையில் மாட்டும் கருவி ஒன்றை இணையத்தில் பார்த்திருக்கிறார். வாங்கலாமா, தமிழில் வேலை செய்யுமா என்பது கேள்வி.

தமிழில் வேலை செய்ய வைக்கலாம். ஆனால் அப்பாவால் கண்ணை அசைக்க முடிகிறது என்றால், இப்போதைக்குப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

பினாங்கில் முதுகலை படித்தபோது நான் செய்த புரோஜெக்ட் இந்த மூளை அலை எழுத்துக்கூட்டல்தான். (இப்போது பாயான் லெப்பாஸில் இதற்குச் சம்பந்தமே இல்லாத வேலை.) 1988-இல் ஃபார்வெல், டோன்சின் என்ற இருவர் காட்டிய முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. திரையில் 6-க்கு 6, மொத்தம் 36 கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. வரிசைகளும் பத்திகளும் (மேலிருந்து கீழாகப் போகும் கட்டங்கள்) மாறி மாறி மின்னும். நீங்கள் காத்திருக்கும் எழுத்து மின்னினால், ஏறக்குறைய 300 மில்லி விநாடி கழித்து மூளை அலையில் ஒரு சின்ன மேடு எழும்பும். எந்த வரிசைக்கு எழும்பியது, எந்தப் பத்திக்கு எழும்பியது என்று தெரிந்தால் எழுத்து கிடைத்துவிடும்.

ஆக, மனதில் இருப்பதை அப்படியே படிக்கிற வித்தை எதுவும் இதில் இல்லை. இயந்திரக் கற்றலுக்கு, அதாவது உதாரணங்களைப் பார்த்துப் பழகும் மென்பொருளுக்கு, இங்கே ஒரே வேலை, ஒவ்வொரு முறை மின்னும்போதும் ‘மேடு இருக்கிறதா, இல்லையா’ என்று சொல்வது. அந்த மேடோ சில மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டினாலே அதைவிடப் பல மடங்கு பெரிய அலை வரும். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவோம். தொப்பியில் இருக்கும் மின்முனைக்கும் தலைத் தோலுக்கும் நடுவே தடவும் ஜெல் சரியாகப் பிடிக்காவிட்டால் திரை முழுக்க 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல்தான் ஓடும். அதனால் ஒரே எழுத்துக்கு எல்லா வரிசையையும் பத்தியையும் பல சுற்று மின்னவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். முதல் ஆய்விலேயே வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்துதான். அப்புறம், ஒருவருக்குப் பழக்கிய மென்பொருள் (மாடல்) இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. தெரிந்த சொற்களைக் கொடுத்து ஆளுக்கு ஆள் பழக்க வேண்டும்.

247 எழுத்தை எங்கே வைப்பது என்று பயப்பட வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஆய்தம் சேர்த்தால் 31. ஜ, ஷ, ஸ, ஹ சேர்த்தால் 35. மிச்சம் ஒரே கட்டம், அதை அழிப்பதற்கு வைப்பதா, இடைவெளிக்கு வைப்பதா என்று நாங்கள் நிறைய சண்டை போட்டோம். நான் ஆய்தத்தைத் தூக்கிவிடுவேன். மெய்யைப் புள்ளியோடு வைத்தால் ‘வலி’ என்று எழுத வ், அ, ல், இ என நான்கு தேர்வு. அகரத்தோடு வைத்தால் வ, ல, இ, மூன்றே போதும். ஆனால் அப்போது புள்ளிக்கென்று ஒரு கட்டம் தேட வேண்டும்.

எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது சொல் ஊகம்தான். அடுத்த சொல்லை ஊகித்துக் கொடுத்தால் நிறையத் தேர்வு மிச்சமாகும். ஆனால் செய்தித்தாள் தமிழில் பழகிய மாடல், நம் வீட்டு ‘பசியாறியாச்சா’வை எங்கே ஊகிக்கப் போகிறது? நடுநடுவே மலாய் வேறு கலந்து பேசுகிறோம். அப்பா வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களை நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் உருப்படியாக இருக்கும்.

2021-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு நிமிடத்துக்கு 90 எழுத்தை எட்டிய செய்தியைப் பார்த்திருப்பீர்கள். அது மூளைக்குள் மின்முனை பதித்து, கையால் எழுதுவதாக நினைக்கச் சொல்லிச் செய்த ஆராய்ச்சி. கடையில் விற்கும் தலைப்பட்டையோடு அதை ஒப்பிட முடியாது.

இன்னொன்று. மின்னும் கட்டத்தை நேராகப் பார்க்க முடியாதவர்களுக்கு இந்த முறையின் துல்லியம் வெகுவாகக் குறைகிறது. அப்படியானால் கண் அசைகிறவருக்கு இந்தத் தொப்பியும் ஜெல்லும் எதற்கு? கண் அசைவைப் படிக்கும் கேமரா இதைவிட வேகமானது. அதற்கும் முன்னால் ஓர் அட்டை போதும். மேலே சொன்ன கட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, ‘முதல் வரிசையாப்பா? இரண்டாவதா?’ என்று விரல் வைத்துக் கேளுங்கள். மேலே பார்த்தால் ஆமாம் என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டி, கட்டத்தின் அமைப்பை அப்பாவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் கருவி வாங்க நேர்ந்தாலும் இதே வரிசையைத் திரையில் போட்டுக்கொள்ளலாம்.