ஈயக்குண்டு, பற்றரித் தகடு, பால்சுறா: திருகோணமலைப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

சல்லியிலிருந்து ஒரு தாய்: டொக்டர், வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது எங்கட குசினி அடுப்பிலதான். பழைய பற்றரித் தகட்டைத்தான் இவர் உருக்குவார். மகனுக்கு ரெண்டு வயது. அந்த நேரம் கிட்ட விடுறதில்லை. அது போதும்தானே?

போதாது அம்மா. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். விறகடுப்பின் சூடு அதைத் தாராளமாகத் தாண்டும். உருகியதன் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு படியும் அல்லவா, அதை வழித்துக் கொட்டும்போது பறக்கும் தூளுக்குத்தான் பயப்பட வேண்டும். அடுப்பு ஆறிய பிறகும் அது தரையிலும் பாயிலும் தகப்பனின் சாரத்திலும் கிடக்கும். பிள்ளை தரையில் கையை ஊன்றும், அதே கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட 4-5 மடங்கு பிள்ளையின் குடல் உறிஞ்சும். கல்சியம் போகும் வழியாகவே ஈயமும் மூளைக்குள் நுழைந்து, நரம்புகள் ஒன்றோடொன்று தொடுப்புப் போடும் வயதில் அந்தத் தொடுப்பைக் குழப்புகிறது. பற்றரித் தகட்டில் ஒட்டியிருக்கும் பசையும் ஈயச் சேர்மமே, அமிலம் வேறு.

வார்த்த குண்டையே வாங்கச் சொல்லுங்கள். உருக்கிய சட்டி இனிச் சமையலுக்கு ஆகாது. தும்புத்தடியால் கூட்டாமல், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் தரையைத் துடையுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கத்தைப் பிள்ளை பார்த்துப் பழகும், அதையும் விடச் சொல்லுங்கள். குண்டை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

உவர்மலை: விரலில் குத்திப் பார்த்ததில் மகளுக்கு இரத்தத்தில் ஈயம் 12 என்று வந்தது. மருந்தால் இறக்கலாமா?

டெசிலீற்றருக்கு 12 மைக்ரோகிராம் என்றால், முதலில் நாளத்தில் இரத்தம் எடுத்து உறுதி செய்யுங்கள். விரல் தோலில் ஈயத்தூள் இருந்தாலே எண் ஏறிவிடும். ஈயத்தை வெளியேற்றும் மருந்து வழக்கமாக 45-க்கு மேல்தான். 20-44 அளவுள்ள 780 பிள்ளைகளுக்குச் சக்சிமர் என்ற அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2001இல் வெளிவந்தது: இரத்தத்தில் ஈயம் இறங்கியது, அறிவுத்திறன் ஏறவில்லை. ஆகவே வந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வைத்தியம். ‘12 தானே’ என்றும் இருந்துவிடாதீர்கள். இரத்த ஈயம் 2.4-இலிருந்து 10-க்கு ஏறும்போது ஐ.கியூ. சராசரியாக 3.9 புள்ளி குறைகிறது. 10-இலிருந்து 20-க்கு மேலும் 1.9தான். அடிப்படிகளில்தான் இழப்பு அதிகம். இரும்புச்சத்துக் குறைந்தால் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும், அதையும் சோதியுங்கள். சாப்பிட்டவுடன் பிளேன்ரீ வேண்டாம், அது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி இரத்தம் பாருங்கள்.

மூதூர்: பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாக் கறி கொடுக்கலாமா? பாதரசம் என்கிறார்களே.

சின்னச் சுறாவில் குறைவு, இடைக்கிடை கொடுக்கலாம். பெரிய சுறா, தளப்பத்து, கொப்பரா போன்ற பெரிய மீன்கள் வேண்டாம், கருவாடாகவும் வேண்டாம். மீனில் இருக்கும் மெதைல் பாதரசம் தசைப் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் கழுவினாலும் பொரித்தாலும் போகாது. தாய்ப்பாலைவிடத் தொப்புள்கொடி வழியாகவே அதிகம் போகும் என்பதால், கவனம் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்க வேண்டும். மீனை விட்டுவிடவும் கூடாது, மூளை வளர அதன் கொழுப்பு தேவை. சூடை, நெத்தலி, கீரிமீன் தாராளமாகச் சாப்பிடட்டும்.

நிலாவெளி: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஈயம் போய்விடுமா?

இல்லை. தண்ணீர்தான் ஆவியாகும், ஈயம் கேத்தலிலேயே நிற்கும்.