கேம்பர்வேன், சைக்கிள், கயாக், மலை: டிசம்பருக்கு ஒரு திட்டம்

வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, 14 வயது மகள் மூவரும் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகிறோம். 12 நாள். கிறைஸ்ட்சர்ச்சில் கேம்பர்வேன் (படுக்கை, அடுப்பு உள்ள வேன்) எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுக்கிறோம். ஒவ்வோர் இரவும் புது ஊர். நான்காம் நாள் காலை வனாக்காவில் ராய்ஸ் பீக் மலை ஏறிவிட்டு மதியம் ஏரியில் கயாக், ஐந்தாம் நாள் சைக்கிள் என்று அட்டவணை போட்டாயிற்று. மடிக்கும் சைக்கிள் இரண்டும் காற்றடைக்கும் கயாக் ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. கூடவே கொண்டுபோகலாமா? என் ஓட்டுநர் உரிமம் 3ஏ வகுப்பு, ஆட்டோ கியர் மட்டும். மலையேறிப் பழக்கமில்லை, புளோக் படிக்கட்டில் பயிற்சி செய்து வருகிறோம்.

வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையில் தேதிக்கு நேரே ஊரை மட்டும் எழுதுங்கள். அன்று மலையா, கயாக்கா, சைக்கிளா என்பதை முந்தின நாள் மாலை வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தென்தீவில் வடமேற்குக் காற்று மலைத்தொடரின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே ஏரிகள் இருக்கும் பக்கம் வறண்டு, வேகமெடுத்து இறங்கும். காலையில் அசையாமல் கிடக்கும் ஏரி மதியத்துக்கு மேல் வெள்ளை நுரை கட்டிவிடும். நீங்களோ கயாக்கை மதியத்துக்கு வைத்திருக்கிறீர்கள், அதுவும் 16 கிலோமீட்டர் மலை நடந்து முடித்த பிறகு! கயாக் என்றால் காலை ஏழு, எட்டு மணிக்கே தண்ணீரில் இருக்க வேண்டும். மலைக்கு ஒரு முழு நாள். சைக்கிள் ஓரளவு காற்றையும் தூறலையும் தாங்கும். மற்ற இரண்டும் கைகூடாத நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மாற்றி மாற்றிப் போட ஓர் ஊரில் மூன்று, நான்கு இரவாவது தங்க வேண்டும். வந்த இரவு கிறைஸ்ட்சர்ச்சில் அறை எடுத்துத் தூங்குங்கள். ஏறக்குறைய பத்து மணி நேரம் பறந்து, கடிகாரத்தை ஐந்து மணி நேரம் முன்னே தள்ளிவைத்த அன்றே புது வண்டியின் சக்கரத்தைப் பிடிக்க வேண்டாம். மறுநாள் வேன் எடுத்து டெக்காப்போவில் ஓர் இரவு, பிறகு வனாக்காவில் நான்கு, கிளைடில் மூன்று, திரும்பும் வழியில் ட்விசலில் ஒன்று, கிறைஸ்ட்சர்ச்சில் கடைசி இரவு. முகாம் இடங்களை இப்போதே பதிவு செய்யுங்கள், டிசம்பர் கடைசியில் இடம் கிடைக்காது. கயாக் வாடகையை மட்டும் முந்தின மாலை வரை விட்டுவையுங்கள்.

சைக்கிளும் கயாக்கும் வீட்டிலேயே இருக்கட்டும். சின்னச் சக்கரம் கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குச் சரி. தென்தீவின் சரளைப் பாதையில் முன்சக்கரம் புதைந்து வழுக்கும். வாடகை வேனில் சைக்கிள் தாங்கி இருக்குமா என்பதும் நிச்சயமில்லை, உள்ளே வைத்தால் படுக்க இடமிருக்காது. காற்றடைக்கும் கயாக் எடை குறைவு, தண்ணீருக்கு மேலே உயரம் அதிகம். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். தவிர, ஓர் ஏரியில் நனைந்ததை அடுத்த ஏரியில் இறக்குமுன் கழுவி, முழுக்கக் காயவைக்க வேண்டும். 2004-ல் தென்தீவின் ஆற்றில் கண்டறியப்பட்ட டிடிமோ என்ற பாசி அதற்குப் பிறகு பல ஆறுகளுக்குப் பரவிவிட்டது. ஒரு துளி ஈரம் போதும். மடிப்புகளுக்குள் தேங்கும் நீரை வேனில் வைத்துக் காயவைப்பது நடக்காத காரியம்.

கிளைடில் முதல் நாள் ஆற்றோரப் பாதையில் அலெக்சாண்ட்ராவுக்கு 12 கிலோமீட்டர் போய், சைக்கிள் பாதையாக மாற்றிய ரயில் தடத்தில் 8 கிலோமீட்டர் திரும்பி வாருங்கள். மகளுக்குக் கை பழகும். அந்த ரயில் தடம் கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். பழைய ரயில் பாதை என்பதால் ஏற்றம் எங்கும் கடுமையாக இருக்காது. மறுநாள் லாடரில் தொடங்கி பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரண்டு சுரங்கங்களையும் பாலத்தையும் கடந்து வரலாம். சுரங்கத்தில் விளக்கு கிடையாது, ஆளுக்கொரு டார்ச் வேண்டும். டன்ஸ்டன் ஏரிப் பாதையின் படங்கள் ஆசை காட்டும்; ஆனால் பாறை முகத்தை ஒட்டி நீருக்கு மேல் தொங்கும் குறுகலான பலகைப் பாலங்களில் எதிரே சைக்கிள் வரும். பழகாத கைக்கு அது வேண்டாம்.

மலைக்கு வருவோம். ராய்ஸ் பீக் ஏற்றம் 1,200 மீட்டருக்கு மேல். நம் புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் 40 மாடிப் புளோக்கைப் பதினொரு தடவை ஏற வேண்டும். ஏறுவதை விட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். படிக்கட்டில் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கினால் தொடையின் முன்தசை இறக்கத்துக்குப் பழகவே பழகாது. முதுகில் ஐந்து கிலோ சுமையோடு நடந்தே இறங்குங்கள். வனாக்காவில் முதலில் டயமண்ட் லேக் வழியாக 775 மீட்டர் ராக்கி மவுண்டனுக்குப் போய்ப் பாருங்கள், மூன்று மணி நேரம் பிடிக்கும். மறுநாள் கால் ஒத்துழைத்தால் ராய்ஸ் பீக். அங்கே நிழல் இல்லை, வழியில் குடிநீரும் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் கொண்டுபோங்கள். உச்சியில் டிசம்பரிலும் காற்றுச்சட்டை தேவைப்படும். இதை அக்டோபருக்கு மாற்ற நினைக்கும் மற்ற வாசகர்களுக்கு: ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை அந்தப் பாதை மூடியிருக்கும்.

கயாக்கில் காலாங்கிலோ மெக்ரிட்சியிலோ கற்றது துடுப்புக்கு உதவும், தண்ணீருக்கு உதவாது. குளிர்நீரில் விழுந்ததும் மூச்சு தானாக இழுக்கும். அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். அதனால் மிதவைச் சட்டை மடியில் அல்ல, உடம்பில். கரையை ஒட்டியே செல்லுங்கள், ரூபி தீவு வரை போதும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால் களைத்துத் திரும்பும்போது அது தள்ளிவிடும். 20 கிலோமீட்டர் வேகக் காற்று என்று அறிக்கை சொன்னாலே அன்று சைக்கிள் நாள்.

வேனைப் பற்றிச் சுருக்கமாக. 3ஏ என்பதால் ஆட்டோ கியர் என்று பதிவிலேயே உறுதி செய்யுங்கள். முன்கண்ணாடியில் பச்சை வாரண்ட் (கழிவை வண்டிக்குள்ளேயே தேக்கிவைக்க வசதி உண்டு என்ற சான்று) இருக்க வேண்டும். அது நிலையாகப் பொருத்திய கழிப்பறை உள்ள வண்டிக்கே கிடைக்கும். கழிவுப்பெட்டி மூன்று பேருக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும், முகாமின் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். டீசல் வண்டி என்றால் ஓடிய கிலோமீட்டருக்குச் சாலைக் கட்டணம் தனியாக வரும், அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரைஸ் குக்கர் மின்சார இணைப்புள்ள முகாமில் மட்டுமே ஓடும். மற்ற இரவுகளில் கேஸ் அடுப்பில் பானைச் சோறுதான், ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள். காற்றடிக்கும் இடத்தில் வண்டி மூக்கைக் காற்றை நோக்கி நிறுத்துங்கள், இல்லையென்றால் திறந்த கதவைக் காற்று பிய்த்துவிடும். ஒற்றைத் தடப் பாலத்தில் உங்கள் பக்கத்து அம்புக்குறி சின்னதாகச் சிவப்பாக இருந்தால் நின்று வழிவிட வேண்டும்.

நடைக்காலணியின் அடியில் ஒட்டிய உபின் தீவு மண்ணைப் பல்துலக்கி கொண்டு சுரண்டிக் கழுவுங்கள். காலணி, மசாலாப் பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் அறிவியுங்கள். தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டவே வேண்டாம். அறிவித்தால் அதிகாரிகள் பார்த்துத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம்.